டவர் ஃபுல்லா காட்டுது, ஃபோன் போகல

செல்போன் நெட்வொர்க்கின் தரத்தை அளந்து சொல்வது என் பிழைப்பு. எங்கள் வட்டத்தில் இதற்கு ஆர்.எஃப். ஆப்டிமைசேஷன் என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் எல்லாருமே 'டவர்காரங்க'தான். டவர் கட்டுவதும் கேபிள் இழுப்பதும் வேறு ஆட்களின் வேலை. கட்டிய டவரிலிருந்து கிளம்பும் அலை எதுவரை போகிறது, எங்கே தேய்கிறது, பேசுகிறவர் குரல் எந்தத் திருப்பத்தில் கிழிகிறது என்று கண்டுபிடித்து, ஆன்டெனாவை இரண்டு டிகிரி குனிய வைப்பதா, பத்து டிகிரி திருப்பி வைப்பதா என்று எழுதிக் கொடுப்பது எங்கள் பாடு. வேலூர், விழுப்புரம், தருமபுரி என்று வடமாவட்டங்களில் பல ஊர்களில் இதைச் செய்திருக்கிறேன். தொழிலை எனக்கு உண்மையில் கற்றுக் கொடுத்தது திருவண்ணாமலை. அதிலும் செங்கம் சாலையில் அக்னி லிங்கம் தொடங்கி, ரமணாசிரமத்தைத் தாண்டி, யம லிங்கம், நிருதி லிங்கம் வரை நீளும் தெற்குப் பக்கம்.

ஆசிரம வாசலில் நின்று வடக்கே பார்த்தால் வானத்தில் பாதியை மலை எடுத்துக்கொள்கிறது. அருணாசலம் கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர். பாறை. ரேடியோ அலை அதற்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வராது. கோயிலும் கடைத்தெருவும் பஸ் ஸ்டாண்டும் கிழக்கே இருக்கின்றன. ஊரின் பெரும்பாலான டவர்களும் அந்தப் பக்கம்தான். மலைக்குப் பின்னால் மேற்கிலும் வடமேற்கிலும் வருண லிங்கம், ஆதி அண்ணாமலை, வாயு லிங்கம். ஊரில் எவ்வளவு உயரமான டவர் வைத்தாலும் அதன் அலை ஆதி அண்ணாமலைக்கு நேராகப் போய்ச் சேராது. தெற்குப் பக்கம் இரண்டுங்கெட்டான்: பாதி ஊரின் வெளிச்சத்தில், பாதி மலையின் நிழலில். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு நடக்கிறவர், நாலைந்து மணி நேரத்தில் வெளிச்சம், நிழல், மறுபடி வெளிச்சம் என்று எல்லா வகையான சிக்னலையும் கடந்து வந்துவிடுகிறார். வேறு எந்த ஊரிலும் ஒரே நடையில் இத்தனையையும் நான் பார்த்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2ஜி காலம். டிரைவ் டெஸ்ட் என்றால் ஒரு கார், பின் சீட்டில் லேப்டாப், அதில் டெம்ஸ் அல்லது நீமோ மென்பொருள், அதனோடு கேபிளில் கோத்த சில ஃபோன்கள், கூரைமேல் ஜி.பி.எஸ்., கார் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க ஒரு இன்வெர்ட்டர். ஒரு ஃபோன் தானாக டயல் செய்து, கொஞ்ச நேரம் பேசி, வைத்துவிட்டு மறுபடி டயல் செய்யும். அது ஷார்ட் கால். இன்னொன்று ஒரே அழைப்பை விடாமல் பிடித்துக்கொண்டே வரும். அது லாங் கால். அழைப்பு கிடைக்கிறதா என்று முதலாவது சொல்லும், கிடைத்த அழைப்பு தாங்குகிறதா என்று இரண்டாவது சொல்லும். சாயங்காலம் லாட்ஜ் அறையில் லாக் ஃபைலைத் திறந்தால் ஊர்ச் சாலைகள் எல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகளாக வரைபடத்தில் வரும். பச்சை என்றால் மேலதிகாரிக்கு மகிழ்ச்சி.

அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால் இருக்கும் அளவு டி.பி.எம். எல்லாமே மைனஸ் கணக்கு. மைனஸ் 90 டி.பி.எம். என்றால், ஒரு வாட்டை லட்சம் கோடியால் வகுத்தால் கிடைக்கும் பங்கு. அவ்வளவு சன்னமான சக்தியை வைத்துக்கொண்டு மகன் துபாயிலிருந்து அம்மாவிடம் பேசுகிறான் என்பது இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அதிசயம்தான். அதனால்தான் அந்தப் பேச்சு நடுவில் அறுந்தால் எனக்குப் பொறுக்காது.

ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சாலை ஓரத்து மரத்தடியில் பூ கட்டி விற்கும் அக்கா ஒருவர் இருந்தார். எங்கள் காரில் ஆன்டெனாவும் வயர்களும் இருப்பதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுச் சொன்னார்: "டவரு ஃபுல்லாதான் காட்டுது சார். அவங்க பேசறது எனக்கு நல்லா கேக்குது. நான் பேசறதுதான் அந்தாண்ட கேக்கலன்றாங்க." எங்கள் வரைபடத்தில் அந்த இடம் பச்சை. ஆனால் அவர் சொன்ன வாக்கியத்துக்குள் பழுது எங்கே என்பதே இருந்தது. ஃபோனில் தெரியும் கோடுகள் டவர் அனுப்புவதை ஃபோன் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டும் காட்டும். ஃபோன் அனுப்புவதை டவர் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பது திரையில் எங்கேயும் வராது. டவரிலிருந்து ஒரு கேரியருக்கு, அதாவது ஒரு அலைவரிசைத் தடத்துக்கு, 20 வாட் அளவில் கிளம்பும், அன்றைய ஜி.எஸ்.எம். ஃபோன் 900 மெகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 2 வாட், 1800-இல் 1 வாட். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்டத்தான் டவர் தரப்பில் இரண்டு பெறும் பாதைகள் வைத்து, இரண்டிலும் வருவதைச் சேர்த்துக் கேட்பார்கள். அக்காவின் பக்கம் பார்த்த செக்டரில், அதாவது டவரின் அந்த முகத்தில், ஒரு பெறும் பாதை செத்துக் கிடந்தது. ரிகர் தம்பி மேலே ஏறி, ஆன்டெனாவின் அடியில் இருந்த ஒரு கனெக்டரின் டேப்பைப் பிரித்தபோது உள்ளே பச்சைக் களிம்பும் மழைத் தண்ணீரும். கனெக்டரை மாற்றி, புது டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றிவிட்டு இறங்கினான். மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றின் விளிம்பும் தண்ணீரைப் பிடித்து உள்ளே விடும்; கீழிருந்து சுற்றினால் ஓட்டுக்கூரையில் வழிவது மாதிரி வழிந்துவிடும். பாடப் புத்தகத்தில் வராத இந்தச் சங்கதி பல ஊர்களில் பல ஆயிரம் அழைப்புகளைக் காப்பாற்றியிருக்கிறது.

அக்காவின் பேச்சுக்குப் பிறகு நான் காரை நம்புவதைக் குறைத்துக்கொண்டேன். கார் சாலையில் போகிறது, அதுவும் வேகமாக. கூரைமேல் ஆன்டெனா வைத்த சோதனை ஃபோனுக்கும், சுவரோரம் தரையில் உட்கார்ந்து காதில் ஃபோனை அழுத்திக்கொண்டிருக்கிறவருக்கும் பத்து டெசிபெலுக்கு மேல் வித்தியாசம் வரும். பத்து டெசிபெல் என்றால் சக்தியில் பத்தில் ஒரு பங்கு. இந்த ஊருக்கு வருகிறவர்கள் நடக்கிறார்கள், உட்காருகிறார்கள், மரத்தடியில் படுத்துத் தூங்குகிறார்கள். தரம் என்பதை அங்கே போய்த்தான் அளக்க வேண்டும். முதுகுப்பையில் கருவியைப் போட்டுக்கொண்டு கிரிவலப் பாதையில் நடக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

அலை எவ்வளவு தேயும் என்று முன்கூட்டிக் கணக்கிட எங்கள் எல்லாருக்கும் கையில் இருக்கும் சூத்திரம் ஒகுமுரா–ஹாட்டா. ஜப்பானில் ஒகுமுராவும் அவர் குழுவும் டோக்கியோவிலும் சுற்றுவட்டாரத்திலும் வண்டியில் சுற்றி அளந்த அளவுகளை 1968-இல் வளைகோடுகளாக வெளியிட்டார்கள். 1980-இல் ஹாட்டா அந்த வளைகோடுகளைக் கணக்குப் போடுவதற்கு வசதியான சூத்திரமாக்கினார். நகரம், புறநகர், திறந்த வெளி என்று மூன்று வகை நிலத்துக்கும் அதில் விடை உண்டு. பக்கத்தில் இவ்வளவு உயரப் பாறை நின்றால் என்ன ஆகும் என்பதற்கு அதில் இடமில்லை. மலையின் விளிம்பில் அலை வளைந்து மறுபுறம் இறங்கும், அதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அலைவரிசை உயர உயர அந்த வளைவு குறையும். திறந்த வெளியிலேயே அலைவரிசை இரட்டிப்பானால் 6 டெசிபெல் கூடுதலாக இழக்கிறோம். 2ஜியின் 900 மெகாஹெர்ட்ஸ் ஓரளவு வளைந்து போய்ச் சேர்ந்த முக்குகளில் 4ஜியின் 2300 போய்ச் சேர்வதில்லை, 5ஜியின் 3300 சுத்தமாக இல்லை. 'புது நெட்வொர்க் வந்தப்புறம்தான் மோசம்' என்று யம லிங்கத்தைத் தாண்டிக் கடை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் பௌதிகம் இருக்கிறது.

மலை மறைக்க மட்டும் செய்வதில்லை, திருப்பியும் அனுப்புகிறது. செங்கம் சாலைக்குத் தெற்கே இருக்கும் டவரின் ஒரு முகம் மலையைப் பார்த்தால், அதன் அலை பாறைச் சரிவில் பட்டுத் திரும்பித் தாமதமாக வந்து சேர்கிறது. 4ஜியில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் 4.7 மைக்ரோ நொடி இடைவெளி விட்டு வைத்திருக்கிறார்கள். எதிரொலி அந்த இடைவெளிக்குள் வந்துவிட்டால் நல்லது. ஃபோன் அதையும் சேர்த்துப் பயன்படுத்திக்கொள்ளும். ஒளியின் வேகத்தில் அந்த நேரம் ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர். அதைவிட நீண்ட சுற்றுப் போட்டு வரும் எதிரொலி அடுத்த குறியீட்டின் மேல் விழுந்து அதைக் கெடுக்கும். ஆகவே மலையடிவாரத்தில் டவரை எங்கே வைப்பது என்பதில் மலையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தள்ளி வைத்தால் எதிரொலி நீளும். ஒட்டி வைத்தால் பாதி ஆன்டெனா பாறைக்குப் பாடும். சாலையை ஒட்டி, உயரம் குறைவாக, கிழக்கு மேற்காக இரண்டு முகம் மட்டும் பார்த்து வைப்பது இந்தப் பக்கத்துக்கு ஒத்துவருகிறது. மூன்று செக்டர் வைத்தே தீர வேண்டும் என்ற அலுவலக வழக்கத்தோடு இதற்காக நிறைய வாதாடியிருக்கிறேன்.

தரம் என்றால் என்ன என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்த இடம் மேலே இருக்கிறது. ஆசிரமத்தின் பின்பக்கமிருந்து கல் பாவிய பாதை ஏறி, ரமணர் 1916 முதல் 1922 வரை தங்கியிருந்த ஸ்கந்தாசிரமத்துக்குப் போகிறது. போகும் வழியில் ஒரு பாறைமேல் நின்றால் கிழக்கே கோயில் முழுசாகத் தெரியும்: ஒன்பது கோபுரங்கள், அதில் 217 அடி ராஜகோபுரம், சுற்றிலும் வீடுகள். அந்தப் பாதையில் மாக்கல்லில் சின்னச் சின்னச் சிலைகள் செதுக்கி விற்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் என் பையிலிருந்த ஆன்டெனாவைப் பார்த்துவிட்டுத் தன் ஃபோனை நீட்டினார். வாங்கியவர் பணம் அனுப்பியாகிவிட்டது, தகவல் வரவில்லை. "சுத்திக்கினே இருக்கு சார். கோடு பாரு, ஃபுல்லு." கருவியைத் திறந்தேன். சிக்னல் வலிமை அருமை. ஊரின் டவர்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பாறை நேர்ப்பார்வையில் இருக்கிறது. ஊர் தாண்டி வெகுதொலைவில் இருக்கும் டவர்கள்கூட வந்து விழுகின்றன. ஒன்றும் மற்றதைவிடத் தெளிவாக ஓங்கி நிற்கவில்லை. ஃபோன் ஒன்றைப் பிடிக்கிறது, விடுகிறது, அடுத்ததற்குத் தாவுகிறது, திரும்பி வருகிறது. 4ஜியில் டவர் முகங்களை அடையாளம் காட்ட 504 எண்கள்தான் உண்டு. தொலைவில் இருக்கும் இரண்டு முகங்களுக்கு ஒரே எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள், தரையில் இருக்கிறவருக்கு இரண்டும் ஒருசேரக் கேட்காது என்ற நம்பிக்கையில். மலைமேல் ஏறியவருக்கு இரண்டும் கேட்கும்.

ஆக, மேலே கேட்பது நிறைய, புரிவது கொஞ்சம். சிக்னல் எவ்வளவு என்பதைவிட, சிக்னலுக்கும் மற்ற இரைச்சலுக்கும் உள்ள விகிதம் எவ்வளவு என்பதில்தான் பேச்சு நிற்கிறது. டெசிபெல் கணக்கில் அந்த விகிதம் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே இருந்தது. ஊருக்குள் இருந்த பல டவர்களின் ஆன்டெனாக்களைக் கொஞ்சம் குனிய வைத்து, ஒரே ஒரு முகத்தை மட்டும் பாறைக்கு நிமிர்த்தி வைத்து, அது ஓங்கிக் கேட்கும்படி செய்தோம். கோடு ஒன்று குறைந்தது. பணம் வந்த தகவல் உடனே வர ஆரம்பித்தது. மலைமேல் டவர் வைக்கலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த மலைமேல் யாரும் டவர் வைக்கப் போவதில்லை, வைக்கவும் கூடாது. கீழிருந்தே தீர்க்கக்கூடிய பிரச்சினை இது.

இதுவரை சொன்னது சாதாரண நாள் கதை. பௌர்ணமி வேறு.

டெலிபோன் உலகத்தில் எல்லாக் கணக்கும் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவரிடம் போய் நிற்கும். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அவர், எத்தனை பேருக்கு எத்தனை லைன் வேண்டும் என்பதற்கான சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டார். 2ஜி நாளில் நான்கு கேரியர் வைத்த ஒரு செக்டரில் 32 நேரத்துளைகள். நிர்வாக வேலைக்குப் போக 29 பேச்சுக்கு. நூறு பேர் முயன்றால் இரண்டு பேருக்குக் கிடைக்காமல் போகலாம் என்று வைத்துக்கொண்டால், அந்த 29 லைனும் 21 எர்லாங் சுமையை, அதாவது சராசரியாக எந்நேரமும் 21 பேச்சு நடக்கும் சுமையை, தாங்கும். ஆளுக்குச் சராசரியாக மணிக்கு ஒன்றரை நிமிடம் பேசினால் 840 பேர். இதை வைத்துக்கொண்டு பௌர்ணமி இரவு செங்கம் சாலையில் அரை கிலோமீட்டரை எண்ணிப் பாருங்கள். பத்து மீட்டர் அகலச் சாலை, சதுர மீட்டருக்கு இரண்டு பேர்: பத்தாயிரம் பேர். அவர்கள் நின்றுகொண்டிருக்கவும் இல்லை, நகர்கிறார்கள். மாலையில் அக்னி லிங்கத்தில் இருந்த சுமை, இரவு ஏற ஏற நிருதிக்கும் வருணனுக்கும் ஆதி அண்ணாமலைக்கும் நகர்ந்து, விடியும் முன் குபேர லிங்கத்தில் போய் நிற்கிறது. உலகமெங்கும் நெட்வொர்க்குகளுக்குச் சாயங்காலமோ முன்னிரவோ உச்சநேரம். ஆதி அண்ணாமலைப் பக்கத்து டவருக்கு மாதத்தில் ஒரு ராத்திரி மட்டும் உச்சநேரம் இரவு இரண்டு மணிக்கு வருகிறது. பராமரிப்பு வேலைக்காக டவரை அணைத்து ஏற்றும் நேரமும் வழக்கமாக அதுதான்! பௌர்ணமி தேதிகளைக் கட்டுப்பாட்டு அறைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டு வைக்கச் சொன்னதை என் வேலையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்றாக நினைக்கிறேன்.

கோடு முழுசாக இருந்தும் ஃபோன் போகாமல் இருப்பது இந்த இரவுகளில்தான் அதிகம். ஃபோன் காட்டும் கோடு, டவர் எப்போதும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒரு குறிப்பு அலையை வைத்துப் போடப்படுவது. டவரில் ஒருவர் இருந்தாலும் பத்தாயிரம் பேர் இருந்தாலும் அந்தக் குறிப்பு அலை அதே வலிமையில் வரும். நெரிசல் அதில் தெரியாது. நீங்கள் பச்சைப் பொத்தானை அழுத்தியதும் ஃபோன் முதலில் டவரின் கதவைத் தட்ட வேண்டும். 4ஜியில் தட்டுவதற்கு ஒரு செக்டரில் 64 குறியீடுகள். ஃபோன் அதில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் தட்டும். ஒரே கணத்தில் இரண்டு ஃபோன்கள் ஒரே குறியீட்டை எடுத்தால் மோதி, இரண்டும் மறுபடி தட்ட வேண்டும். கிடைக்காதவர் உடனே திரும்ப டயல் செய்கிறார். அதனால் தட்டல் இன்னும் கூடுகிறது. கூட்டத்தில் அழைப்பு போகவில்லை என்றால் ஒரு நிமிடம் பொறுத்து அடியுங்கள், முடிந்தால் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள் என்று நாங்கள் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

கார்த்திகை தீபம் இதற்கெல்லாம் உச்சம். மாலை ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறும் கணத்தில் லட்சக்கணக்கான கைகள் ஃபோனோடு உயர்கின்றன. ஊரில் இருக்கும் பாட்டிக்கு வீடியோ கால், வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு நேரலை, குடும்பக் குரூப்புக்குப் படம். எல்லாம் ஃபோனிலிருந்து டவருக்கு மேலேறும் தரவு. நெட்வொர்க்குகளோ கீழிறங்கும் தரவுக்காக, அதாவது படம் பார்ப்பவருக்காக, வடிவமைக்கப்பட்டவை. 2300-லும் 3300-லும் ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கு போட்டு, இறங்குவதற்குப் பெரும்பங்கும் ஏறுவதற்குச் சிறுபங்கும் தருகிறார்கள். தீபத்தன்று மட்டும் திருவண்ணாமலையில் அந்தப் பங்கைத் திருப்பிப் போட முடியாது. பக்கத்து டவர்களோடு நேரம் ஒத்துப்போகாவிட்டால் ஒன்று அனுப்புவது மற்றொன்றின் காதில் விழும். 4ஜி ஃபோனின் அதிகபட்ச சக்தி பொதுவாக 0.2 வாட்டுதான். அத்தனை ஃபோன்களும் முழு சக்தியில் ஒரே நேரத்தில் கத்தும்போது டவரின் பக்கம் இரைச்சல் ஏறி, தூரத்தில் இருப்பவர் குரல் அதில் மூழ்கிவிடுகிறது.

தற்காலிக டவர் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். வண்டி நிறுத்தினால் போதாது. அது தன் தரவை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? ஃபைபர் வேண்டும், அல்லது நேர்ப்பார்வையில் இன்னொரு மைக்ரோவேவ் தட்டு வேண்டும்; நேர்ப்பார்வைக்கு நடுவே மலை. வண்டிகள் ஒன்றுக்கொன்று இரைச்சல் ஆகாமல் இருக்க, அகலமான 65 டிகிரி ஆன்டெனாக்களுக்குப் பதில் குறுகலான 33 டிகிரி ஆன்டெனாக்களை வைத்துச் சாலையைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், தண்ணீர் இந்த அலைகளைக் குடிக்கும். நெரிசலில் இடுப்புயரத்தில் இருக்கும் ஃபோனுக்குத் தூரத்து உயர டவரைவிடப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் வைத்த சிறிய ஆன்டெனா மேல். கிரிவலப் பாதை முழுக்கக் கம்பங்கள் இருக்கின்றன. இந்தப் பாதைக்கு நிரந்தரத் தீர்வு அந்தக் கம்பங்களில்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இனி விதிகளைப் பற்றி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-இல் வகுத்த தர விதிப்படி துண்டிக்கப்படும் அழைப்புகள் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு வட்டம் முழுமைக்கும் சராசரி. கோயம்புத்தூரின் நல்ல எண் நிருதி லிங்கத்தின் கெட்ட எண்ணை மூடிவிட்டது. 2016 ஜனவரி 1 முதல் துண்டிக்கப்படும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு ரூபாய், நாளைக்கு மூன்று வரை, வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று டிராய் ஆணையிட்டது. அந்த ஆண்டு மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பூக்கார அக்காவுக்கு இழப்பு ஒரு ரூபாயில் அடங்காது என்பதால் அந்த வழக்கின் முடிவு என்னைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. 2017-இல் வந்த திருத்தம் உண்மையிலேயே நல்ல திருத்தம்: சராசரியை விட்டுவிட்டு, பத்தில் ஒன்பது செல்கள் (அதாவது டவர் முகங்கள்), பத்தில் ஒன்பது நாட்கள் 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றது. மோசமான செல்கள் ஒளிந்துகொள்ள முடியாது. இந்தியாவின் எந்த ஊருக்கும் பொருந்தும் நல்ல அளவுகோல், இந்த ஊரைத் தவிர. காலாண்டில் 91 நாள். அதில் பத்தில் ஒரு பங்கு, ஒன்பது நாள், விலக்காக இருந்தது. காலாண்டில் வருவது மூன்று பௌர்ணமி, திதி இரண்டு தேதிகளில் விழுந்தாலும் ஆறு நாள். வெளியூர்க்காரர் லட்சக்கணக்கில் வந்து குவியும் அத்தனை இரவுகளும் விலக்கு நாட்களுக்குள் அடங்கிப்போயின. விதியை யாரும் மீறவில்லை, எல்லாம் சட்டப்படி, ஆனால் கிரிவலம் வந்தவருக்கு ஃபோன் போகவில்லை. 2024-இல் வந்த புதிய விதிமுறைகள் காலாண்டுக் கணக்கை மாதக் கணக்காக்கிவிட்டன. எந்த ஊரில் எந்தத் தொழில்நுட்பம் கிடைக்கிறது என்ற வரைபடத்தை நிறுவனங்களே வெளியிட வேண்டும் என்றும் ஆகியிருக்கிறது. நல்லது. அந்த வரைபடத்தில் பௌர்ணமிக்குத் தனி ஏடு வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் ஆராய்ச்சிக்குக் குறைவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழு தொண்ணூறுகளிலேயே கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையைக் கொண்டுவந்தது. 5ஜி தரத்தை உலகம் எழுதிக்கொண்டிருந்தபோது, டவருக்கும் டவருக்கும் ஆறு கிலோமீட்டர் இடைவெளி, மெதுவாக நகரும் பயனாளர்கள் என்ற கிராமக் கணக்கை அதில் சேர்க்க வைத்தவர்களில் ஐ.ஐ.டி. சென்னையும் அதை ஒட்டி இயங்கும் செவிட் மையமும் உண்டு. 'மெதுவாக நகரும்' என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கிரிவலம்தான் நினைவுக்கு வந்தது. மேலைநாட்டு ஆய்வுகளில் நெரிசல் என்றால் ஸ்டேடியம்: நாற்காலியில் உட்கார்ந்த, டிக்கெட் வாங்கிய, எண்ணிக்கை தெரிந்த கூட்டம். மலையைச் சுற்றி இரவெல்லாம் வெறுங்காலோடு நடக்கும் கூட்டத்துக்குக் கணக்குப் போட வேண்டியவர்கள் நாம்தான்.

ரமண நகரில் டவர் என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. தியானத்துக்கென்று வந்து தங்கியவர்களின் அச்சத்தை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வராது. அவர்களிடம் நான் சொல்வது இரண்டு விஷயம். டவர் கதிர்வீச்சுக்குப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கை இந்தியா 2012 செப்டம்பர் முதல் தன் வரம்பாக வைத்திருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 0.45 வாட். இரண்டாவது, சிக்னல் மோசமான இடத்தில் உங்கள் கையில் இருக்கும் ஃபோன் முழு சக்தியில் அனுப்பும். டவர் பக்கத்தில் இருந்தால் அதன் சக்தியைப் பல மடங்கு குறைத்துக்கொள்ளும். காதோரம் இருப்பது ஃபோன். கருவியை விரித்து அவர்கள் வீட்டு மாடியிலேயே அளந்து காட்டியிருக்கிறேன். சிலர் ஏற்றுக்கொண்டார்கள், சிலர் ஏற்கவில்லை. ஆசிரமத்துக்குள் ஃபோன் ஒலிக்கக் கூடாது என்பதில் அவர்களோடு எனக்கு வாதமே இல்லை.

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச் சரிவு இடிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்தச் செய்திக்குப் பிறகு அடிவாரத்துத் தெருக்களை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. செல் பிராட்காஸ்ட் என்ற வழி இருக்கிறது: டவர் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லா ஃபோன்களுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும், யாரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை, நெரிசல் அதைத் தடுக்காது. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் அதன் சோதனைச் செய்தி வந்து எல்லார் ஃபோனும் ஒரே நேரத்தில் அலறியது நினைவிருக்கலாம். ஆனால் அந்தச் செய்தி வந்துசேர அடிவாரத்து வீட்டுக்குள், சுவருக்குப் பின்னால், சிக்னல் இருக்க வேண்டும். டவர்களின் பேட்டரி, புயலில் கரண்ட் போன பிறகும் நிற்க வேண்டும். மலையை ஒட்டிய தெருக்களில் வீட்டுக்குள் அளந்த அளவு என்னிடம் இருப்பது கொஞ்சம்தான்; என் அடுத்த வேலை அது.

தீபத்துக்கு வரும் குழந்தைகளின் கையில் பெற்றோரின் ஃபோன் எண் எழுதிய பட்டையைப் போலீசார் கட்டுகிறார்கள். தொலைந்த பிள்ளையை யாராவது கூட்டிக்கொண்டு வந்தால் உதவி மையத்திலிருந்து அந்த எண்ணுக்கு அடிக்கலாம். நெரிசலில் அந்த அழைப்பு போக வழி உண்டு. ஒவ்வொரு சிம்முக்குள்ளும் 0 முதல் 9 வரை ஒரு வகுப்பு எண் இருக்கிறது. 11 முதல் 15 வரை சிறப்பு வகுப்புகள், அதில் 12 பாதுகாப்புப் படைகளுக்கு, 14 அவசரச் சேவைகளுக்கு. நெரிசல் மிஞ்சும்போது பொது வகுப்புகளை முறைவைத்துக் கொஞ்ச நேரம் தள்ளி நிறுத்திவிட்டு, சிறப்பு வகுப்பு சிம்களை உள்ளே விடச் சொல்லி டவருக்கு ஆணையிடலாம். ஆனால் அது மையத்திலிருந்து கிளம்பும் பக்கத்துக்கு மட்டும். பெற்றோரின் சாதாரண சிம் அந்த நேரத்தில் அழைப்பைப் பெற முடிகிறதா, எத்தனை நொடியில் மணி அடிக்கிறது, எடுத்ததும் 'புள்ள இங்க இருக்கு, யம லிங்கத்துக்கு வாங்க' என்ற அளவுக்காவது குரல் போய்ச் சேருகிறதா என்பதைத் தனியாக அளக்க வேண்டும். யம லிங்கத்தில் ஒரு ஃபோன், கூட்டத்தோடு நிருதிக்கு நடக்கும் ஆளிடம் ஒரு ஃபோன், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை விடாமல் அடித்துப் பார்க்க வேண்டும். இந்த அளவைத் தரச் சான்றிதழின் முதல் வரியில் போடச் சொல்லித்தான் என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளிடமும், கேட்கத் தயாராக இருக்கும் எந்த அதிகாரியிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.